தோலை நோண்டும் கை: எங்கிருந்து தொடங்குவது?

"கையை எடு" என்று யாராவது சொன்ன பிறகுதான் கை முகத்தில் இருப்பதே நமக்குத் தெரியும். எடுப்போம். ஐந்து நிமிடம் போனால் அது பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும். பொருக்கு, பரு, உதட்டில் உரியும் தோல், நகத்தோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துளித் தோல் என்று எது தட்டுப்பட்டாலும் அதை எடுக்காமல் விரலுக்கு இருப்புக்கொள்ளாது. எடுத்தால் ரத்தம் வரும். ரத்தம் காய்ந்து பொருக்காகும். அந்தப் பொருக்கு மறுபடி விரலில் தட்டுப்படும்.

எனக்கு இது 13 வயதில் முகப்பருவோடு வந்தது. பரு ஒருநாள் நின்றது, இது நிற்கவில்லை. "நாளையிலிருந்து தொடவே மாட்டேன்" என்று செய்த சத்தியங்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவை தவறும்போதும் மன உறுதி போதவில்லை என்று என்னையே திட்டிக்கொள்வேன். மன உறுதியில் குறை இருந்ததாக இப்போது தோன்றவில்லை. அது தாமதமாக வந்தது, அவ்வளவுதான். கை கிளம்பி, தேடி, கண்டுபிடித்து, பிய்த்து முடித்த பிறகுதான் புத்தி அங்கே வந்து சேரும். அதனால் கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பாலானவை கை கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

இது என்ன, எது இல்லை

வாழ்நாளில் ஒரு பொருக்கைக்கூடப் பிய்க்காதவர் கிடையாது. அதெல்லாம் நோயில்லை. காயம் ஆறுவதற்குள் மறுபடி மறுபடி புண்ணாகிறது, நிறுத்தப் பார்த்துப் பல தடவை தோற்றாயிற்று, அதனால் மனம் நோகிறது அல்லது வேலையும் வெளியே போவதும் கெடுகிறது என்றால்தான் மருத்துவர்கள் இதை ஒரு கோளாறாகப் பார்க்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கோளாறுகளின் கையேடு இதற்குத் தனி இடம் கொடுத்தது. ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் கோளாறின் குடும்பத்தில், முடியைப் பிடுங்கும் கோளாறுக்குப் பக்கத்து இடம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலும் இந்த இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அங்கீகாரம்தான் புதிது. எராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் 1875-லேயே இதை எழுதி வைத்துவிட்டார்.

இதுவரை நடந்த கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்தால் 100 பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இருப்பார்கள். பெண்களிடம் கூடுதலாகத் தெரிகிறது. பெரும்பாலும் பருவ வயதில், பருவோடு சேர்ந்து தொடங்கும். முப்பது, நாற்பது வயதில் தொடங்குபவர்களும் உண்டு. இத்தனை பேர் இருந்தும் நமக்கு ஒருவரையும் தெரியாது, ஏனென்றால் எல்லோரும் முழுக்கைச் சட்டைக்குள்ளும் மேக்கப்புக்குள்ளும் ஒளிந்திருக்கிறார்கள்.

இது தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆசை இல்லை. வலி இங்கே நோக்கமும் இல்லை. ஒரு முரட்டுத்தனத்தை வழவழப்பாக்கும் திருப்தி, பதற்றத்திலிருந்து ஒரு நொடி விடுதலை, சில சமயம் வெறும் சலிப்பு, இவைதான் கையை இழுக்கின்றன. வலிக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் செய்கிறார் என்றால் அது வேறு விஷயம். அதை மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி

அரிப்பு முதலில் வருகிறதா, கை முதலில் போகிறதா? அரிப்புதான் முதலில் என்றால் தோல் மருத்துவரிடம் போவதே முதல் வேலை. சிரங்கு, எக்ஸிமா, ஒவ்வாமை எல்லாம் சொறிய வைக்கும். தோலில் எதுவும் தெரியாமலே உடம்பெல்லாம் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு என்று உள்ளே காரணம் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏடிஹெச்டி) தரும் ஊக்க மருந்துகள் சிலருக்கு நோண்டுவதைக் கிளப்பிவிடுவதுண்டு. அப்படி இருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். தோலுக்கு அடியில் பூச்சி ஊர்கிறது என்று ஒருவர் உறுதியாக நம்பினால் இந்தக் கட்டுரை அவருக்கு உதவாது. அவருக்கு மருத்துவரின் உதவி வேறு விதமாகத் தேவை.

முதல் வாரம்: நிறுத்த வேண்டாம், எழுதுங்கள்

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் எதை நிறுத்துகிறோம் என்று தெரியாமல் நிறுத்த முடியாது. இந்தப் பழக்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, படிக்கும்போதோ போனில் பேசும்போதோ தெரியாமல் நடப்பது. இன்னொன்று, கண்ணாடி முன் நின்று, விளக்கைப் போட்டு, கண்ணும் கருத்துமாகச் செய்வது. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும். முதலாவதற்கு உதவும் வழி இரண்டாவதற்கு உதவாது. அதனால்தான் ஒரு வாரம் வெறுமனே பார்க்கச் சொல்கிறேன்.

சின்ன நோட்டு போதும், போனிலும் எழுதலாம். ஒவ்வொரு தடவையும் நான்கைந்து சொல்: எத்தனை மணி, எந்த இடம், எந்த மனநிலை, விரலில் அல்லது கண்ணில் பட்டது எது, எவ்வளவு நேரம். என் நோட்டிலிருந்து இரண்டு வரி:

இரவு 11.20. பாத்ரூம். பல் தேய்க்கப் போனேன். தாடையில் சின்ன மேடு. 40 நிமிடம்.

மாலை 4. மேசை. பதில் எழுதத் தெரியாத ஒரு மெயில். இடது கட்டைவிரல் ஓரம். எவ்வளவு நேரம் தெரியாது, ரத்தம் வந்ததும் பார்த்தேன்.

சார்ல்ஸ் மான்சுயேடோ என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தப் பழக்கம் கிளம்பும் ஐந்து வழிகளைச் சொல்கிறார், கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தொடு உணர்வு, எண்ணம், மனநிலை, உடலின் தன்னிச்சையான அசைவு, சூழல். என் முதல் வரியில் திறந்த கதவுகள் சூழலும் தொடு உணர்வும். இரண்டாவதில் மனநிலை. ஒரு வாரம் எழுதினால் உங்கள் கதவுகள் எவை என்று தெரிந்துவிடும். எனக்கு முக்கால்வாசி நோண்டல் இரண்டே இடங்களில் நடந்தது என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது. வாழ்க்கை முழுவதையும் மாற்ற வேண்டாம், இரண்டு இடங்களை மாற்றினால் போதும்.

எழுதத் தொடங்கியதுமே சிலருக்கு நோண்டுவது குறையும். அப்படிக் குறைந்தால் சரி, எழுதுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது: வழியில் தடை போடுங்கள்

கண்ணாடி முன் நடப்பதை எண்ணத்தால் தடுப்பது கடினம், பல்பால் தடுப்பது எளிது. பாத்ரூம் விளக்கின் வெளிச்சத்தைக் குறையுங்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வீட்டில் இருந்தால் இன்றே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தோலின் ஒவ்வொரு துளையையும் காட்டும் அந்தச் சாமான் நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாது. ட்வீசர், ஊசி இவற்றை எட்டாத இடத்தில் வைக்கலாம், அல்லது வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து வைக்கலாம். பல் தேய்க்கப் போகும்போது போனில் மூன்று நிமிட அலாரம் வைத்து, போனைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். அலாரத்தை அணைக்க வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

தெரியாமல் நடப்பதற்கு வேறு விதமான தடை வேண்டும். விரல் நுனியில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டால் மேடு பள்ளம் தெரியாது. தேடும் விரலுக்குக் கண்ணே நுனிதான், அதைக் கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நகத்தை ஒட்ட வெட்டி அரத்தால் ராவி வைத்தால் பிடிமானம் போய்விடும். இரவில் படுக்கையில் நடக்கிறது என்றால் மெல்லிய பருத்திக் கையுறை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது மிகச் சாதாரணமான ஒன்று. தோலை வறளவிடாமல் வைப்பது. குளித்து முடித்த ஈரத்தோடு மாய்ஸ்சரைசர், உதட்டுக்கு பெட்ரோலியம் ஜெல்லி, நகத்தோரத்துக்கு ஏதாவது ஓர் எண்ணெய். விரல் தேடுவது முரட்டுத் தோலைத்தான். அது கிடைக்காவிட்டால் கை தேடிவிட்டு வெறுமனே திரும்பும். நகத்தோரத் தோல் நீட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் நகவெட்டியால் அடியோடு வெட்டிவிடுங்கள். அதற்காக ஒரு நகவெட்டியைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது: கைக்கு வேறு வேலை

நேதன் அஸ்ரின், கிரிகரி நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட பழக்க மாற்றப் பயிற்சிதான் இன்றும் இந்தக் கோளாறுக்கு முதலில் சொல்லப்படும் வழி. நகம் கடிப்பது, முடி பிடுங்குவது, முகத்தை வெட்டி வெட்டி இழுப்பது என்று பல பழக்கங்களுக்காக அவர்கள் உருவாக்கியது. அடிப்படை எளிது. பழக்கம் கிளம்பும் அறிகுறியைக் கண்டுபிடி, அது தெரிந்ததும் அந்தக் கையாலேயே அதற்கு முரணான ஒரு வேலையைச் செய், பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்.

அறிகுறி என்பது கை தோலில் படுவதில்லை, அதற்கும் முன்னால். முழங்கை மேசையில் ஊன்றுவது, கன்னம் உள்ளங்கையில் சாய்வது, கட்டைவிரல் பக்கத்து விரலின் ஓரத்தை வருடத் தொடங்குவது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு பயிற்சி உண்டு. நோண்டாமல், நோண்டுவது போல மெதுவாக நடித்துப் பாருங்கள். கை மடியிலிருந்து கிளம்பி முகத்துக்குப் போகும் பாதையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், எந்த இடத்தில் பிடிக்க முடியும் என்பது தெரியும்.

அந்த இடத்தில் மாற்று வேலையைச் செய்யுங்கள். இரண்டு கையையும் மூடி, கட்டைவிரலை உள்ளே வைத்து, வலிக்காத அளவுக்கு இறுக்கி ஒரு நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை. அல்லது உள்ளங்கையைத் தொடையில் அழுத்தி வைப்பது, கையைக் கட்டிக்கொள்வது. எதைத் தேர்ந்தாலும் மூன்று பொருத்தம் பாருங்கள்: அதைச் செய்யும்போது நோண்ட முடியக் கூடாது, யார் முன்னாலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், பொருள் எதுவும் தேவைப்படக் கூடாது. உந்துதல் அந்த நிமிடத்தில் உச்சத்துக்கு ஏறும். இப்போது விட்டால் இனி முடியாது என்று தோன்றும். ஏறியது தானாகவே இறங்கவும் செய்யும். அதை ஐந்தாறு தடவை நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கையைக் கிளம்ப விட்டுவிட்டு, முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று காதுப் பக்கமாகவோ காற்றிலோ திருப்பிவிடும் இன்னொரு முறையும் இருக்கிறது. ஸ்டெஃபன் மொரிட்ஸ் என்ற ஜெர்மன் உளவியலாளரும் அவருடைய குழுவும் உருவாக்கியது. கையை மூடி உட்கார முடியாதவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

விரலுக்கு விளையாட்டுப் பொருள் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் பந்தை எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அது துளியும் உதவவில்லை. என் விரலுக்கு வேண்டியது அமுக்குவதில்லை, உரிப்பது. பிளாஸ்டிக் மூடியில் பசையைத் தடவிக் காயவிட்டு உரித்தால் அந்தத் திருப்தி அப்படியே கிடைக்கிறது. உங்கள் விரல் உரிக்க விரும்புகிறதா, கிள்ளவா, வருடவா என்று பார்த்து அதற்கேற்பத் தேடுங்கள்.

அப்புறம், மனசு சொல்லும் பொய்கள். "இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் தட்டையாகிவிடும்" என்பது முதல் பொய். எடுத்தால் பெரிதாகும் என்று பல வருட அனுபவம் சொல்கிறது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நம்புகிறோம். "ஏற்கெனவே கெடுத்தாயிற்று, மீதியையும் முடித்துவிடலாம்" என்பது இரண்டாவது. அதிக சேதம் இதனால்தான். ஒரு காயத்துக்கும் பத்துக் காயத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது காயம் என்று கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி வைத்தேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் சிரித்தால் கை நிற்கும்.

காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது

"காற்றுப் பட்டால் காயும்" என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். நம் காயத்துக்குக் காய்வது வேண்டாம், காய்ந்தால் பொருக்கு, பொருக்கு என்றால் மறுபடி விரல். ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962-இல் பன்றிகளின் தோலில் சோதித்து, காற்றுப்படாமல் மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடுவதைக் காட்டினார். எனவே தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவி, ஒற்றி எடுத்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, மேலே பிளாஸ்திரி. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மறுபடி மறுபடி ஊற்ற வேண்டாம், புதிதாக வளரும் தோலையே அவை எரிக்கும்.

முகத்துக்கு ஹைட்ரோகொலாய்டு ஒட்டுகள், அதாவது பிம்பிள் பேட்ச் என்று விற்பவை, இரண்டு வேலை செய்கின்றன. கசிவை உறிஞ்சிக் காயத்தை ஈரமாக வைக்கும், விரலுக்கும் காயத்துக்கும் நடுவில் சுவராக நிற்கும். சீழ் வைத்து வீங்கிய காயத்தின் மேல் மட்டும் ஒட்டாதீர்கள். ஆறிய இடத்தில் கருப்புப் புள்ளி விழுந்தால் அது தழும்பில்லை, நிறம்தான். மங்க மாதங்கள் ஆகும். வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போட்டால் அது மேலும் கருக்காது.

சிவப்பு பரவுகிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, சீழ், காய்ச்சல், காயத்திலிருந்து கோடு போலச் சிவப்பு ஓடுகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள பகுதியைப் பிதுக்கவே வேண்டாம். அங்குள்ள ரத்தக் குழாய்களுக்கு மண்டைக்குள் தொடர்பு உண்டு. தொற்று உள்ளே போவது அரிது, போனால் ஆபத்து. கண்ணைச் சுற்றி வீக்கமும் காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்து வந்தால் அவசர சிகிச்சைதான்.

பரு இருந்தால் பருவுக்கும் வைத்தியம் பாருங்கள். நோண்டுவதற்குப் பொருள் குறையும். தோல் மருத்துவரிடம் "தானாகவே வந்தது" என்று நான் பல தடவை பொய் சொல்லியிருக்கிறேன், அவரும் பல தடவை தேவையில்லாத களிம்பை எழுதிக் கொடுத்திருக்கிறார். "நானேதான் நோண்டுகிறேன், நிறுத்த முடியவில்லை" என்ற ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினாலும் போதும்.

எப்போது ஆள் உதவி

ஒன்றிரண்டு மாதம் ஒழுங்காக முயன்றும் அசையவில்லை, தினமும் மணிக்கணக்கில் போகிறது, காயங்களை மறைக்க வெளியே போவதையே தவிர்க்கிறீர்கள் என்றால் உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். போகும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பழக்க மாற்றப் பயிற்சி கொடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா?" சும்மா பேசிக்கொண்டிருக்கும் ஆலோசனை மனதுக்கு இதமாக இருக்கும், ஆனால் கை கேட்காது. மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு இவை கூடவே இருப்பது சகஜம். அவற்றுக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுத்தால்தான் இது நகரும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்காமல் அன்றே உதவி கேளுங்கள்.

மருந்து உண்டா என்றால், இதற்கென்றே பிறந்த மருந்து இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்சிட்டின், எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகள் சிலருக்கு உதவுகின்றன, சிலருக்கு இல்லை. என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற பொருளை 66 பேரிடம் 12 வாரம் சோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அதை எடுத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தந்த மருந்தில்லாத மாத்திரையை எடுத்தவர்களில் 19 சதவீதம். கடையில் சத்து மாத்திரை போலக் கிடைக்கிறது என்பதற்காக நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சில இதய மருந்துகள் எடுப்பவர்களுக்கும் ஒத்துவராது. மெமன்டைன் என்ற மருந்தைச் சோதித்து 2023-இல் வெளியான ஆய்வில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. மருத்துவரிடம் பேசும்போது இந்தப் பெயர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

பக்கத்தில் இருப்பவருக்கு

"கையை எடு" வேண்டாம். அது கையை நிறுத்தாது, ஆளைத்தான் அறைக்குள் ஒளிய வைக்கும். அவரே ஒரு அடையாளம் சொல்லட்டும், தோளில் ஒரு தட்டு, அல்லது இருவருக்கு மட்டும் புரியும் ஒரு சொல். அதை அவர் கேட்ட அளவு மட்டும் செய்யுங்கள். முகத்தைப் பார்த்ததும் காயங்களை எண்ண வேண்டாம்.

திரும்ப வரும்போது

வரும். பரீட்சை, சண்டை, தூக்கமில்லாத வாரம், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், இவற்றில் திரும்பி வரும். "இன்றோடு 23 நாள்" என்று எண்ணும் முறை எனக்கு ஒத்துவரவில்லை. 24-ஆம் நாள் தவறினால் எல்லாம் பூஜ்யம் என்று தோன்றி, அன்று இரவு மிக மோசமாக நடக்கும். இப்போது வேறு மாதிரி எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறாத காயம் எத்தனை? போன மாதம் 14, இந்த மாதம் 6 என்றால் நடுவில் ஒரு மோசமான இரவு வந்துபோனது கணக்கில் பெரிதாகத் தெரியாது.

அந்த மோசமான இரவில் என்ன செய்வது? கண்ணாடி முன் நின்று அழுது, சத்தியம் செய்யத் தோன்றும். அதை விட்டுவிட்டு முகத்தைக் கழுவுங்கள். ஜெல்லி தடவிப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். நோட்டில் ஒரு வரி: எத்தனை மணி, எந்த இடம், விரலில் பட்டது எது. அப்புறம் பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.